தலைப்பை மட்டும் படித்தவன்

1

படிவம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது.

முதல் முறை, தேதியை நம் ஊர் வழக்கப்படி சாய்கோடு போட்டு எழுதியதற்காக. இங்கே புள்ளி வைக்க வேண்டுமாம். இரண்டாம் முறை, என் கையெழுத்து கட்டத்தைத் தாண்டி வெளியே நீண்டுவிட்டதற்காக. ஜெர்மனிக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஹனோவர் நகரத்தில் வீட்டு வாடகையில் தொடங்கிக் குடியுரிமை வரைக்கும் எத்தனையோ படிவங்களை நிரப்பிவிட்டேன். என் கையெழுத்துக்குக் கட்டத்துக்குள் நிற்க இன்னும் வரவில்லை. இரண்டு முறையும் முணுமுணுத்துக்கொண்டே திருத்தி அனுப்பினேன்.

மூன்றாவது முறை வந்த குறிப்பு வேறு மாதிரியானது. ஏழாவது கேள்விக்கு நான் எழுதிய பதிலுக்கு அடியில் சிவப்புக் கோடு. கேள்வி இது: 'இந்த உடல்நலக் கேள்விக்கு முதலில் பதில் சொன்னவர் யார்?' நான் எழுதியிருந்தது: 'தெரிந்தவர் ஒருவர்.' பக்கத்தில் காத்ரின் எழுதியிருந்தாள்: 'எந்த வகையில் தெரிந்தவர்? கேட்டவருக்கு என்ன உறவு? பதில் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது? அன்புடன் நிரப்பித் தரவும்.'

காத்ரின் இங்கே பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிற பெண்; படிவம் அவளுடைய ஆய்வுக்குத்தான். முப்பது வயது இருக்கும். அன்புடன் என்று எழுதி ஆளை மூலையில் நிறுத்துவதில் இந்த நாட்டுக்காரர்களை மிஞ்ச முடியாது.

ஊரில் இருந்து இதைப் படிக்கிற உங்களிடம் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தத் தெரிந்தவர் நான்தான். கேள்வி கேட்டவள் என் தங்கை கமலம். பூதலூருக்குப் பக்கத்தில் இருக்கிறாள், அறுபத்தெட்டு வயது. நான் சொன்ன பதிலால் அவளுடைய வலது கண் போய்விட்டது. இப்போது இடது கண்ணுக்கும் அதே கேள்வி வந்து நிற்கிறது. புதன்கிழமை தஞ்சாவூரில் கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்குள் அண்ணன் வாயால் ஒரு வார்த்தை வேண்டும் என்று காத்திருக்கிறாள். முதல் கண்ணுக்குப் பதில் சொன்ன அண்ணன் என்ன செய்தான் என்பது அவளுக்குத் தெரியாது.

2

இந்தப் படிவத்துக்குள் நான் எப்படி வந்து விழுந்தேன் என்று சொல்ல வேண்டும்.

கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். மனைவி போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. மகன் இளங்கோ மூனிக்கில் இருக்கிறான். தமிழ் காதில் விழுந்தால் புரியும், எழுத்து தெரியாது. இரண்டு வருடங்களுக்கு முன்பு பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் தேவை என்று ஓர் அறிவிப்பு வந்தது. வலைத்தளச் செய்திகளுக்கு ஆளை இழுக்கிற தலைப்புகள் வைக்கிறார்கள் அல்லவா, அவற்றைப் பல மொழிகளில் சேர்த்து ஆராய்கிறார்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். நேராகச் சொன்னால் ஒன்று. வாயில் தூண்டிலை மாட்டி இழுத்தால் ஐந்து.

போனேன். என்னுடன் இன்னொரு ஆள் துஷ்யந்தி. யாழ்ப்பாணத்துக்காரி, இங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். நாங்கள் இருவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுவிட்டு, எங்கே ஒத்துப்போகவில்லையோ அதை மட்டும் வெள்ளிக்கிழமைகளில் உட்கார்ந்து பேச வேண்டும். ஒத்துப்போனது குறைவு.

"ஐயா, ஏன் எல்லாத்துக்கும் அஞ்சு போட்டு வைச்சிருக்கிறீங்கள்? இதில என்ன பொய் இருக்கு?"

"பொய் இல்லம்மா. சொல்ல வேண்டியதச் சொல்லாம இழுக்குது பாரு."

"உங்கட ஊர் ஆக்கள் கதைக்கிறதே அப்பிடித்தானே? போன கிழமை உங்கட முழங்கால் நோவைச் சொல்லி முடிக்க அரை மணித்தியாலம் எடுத்தனீங்கள். அதுக்கும் அஞ்சு போடவோ?"

இருவரும் சிரித்துவிட்டோம். காத்ரின் நிமிர்ந்து பார்த்து, இந்தச் சிரிப்பைக் கருத்து வேறுபாடு என்று குறித்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டாள்.

'மாலையில் தஞ்சை வானத்தில் தெரிந்தது என்ன? உறைந்துபோன மக்கள்!' என்று ஒன்று வரும். மழை மேகமாகத்தான் இருக்கும். 'இந்த ஒரு இலை வீட்டில் இருந்தால் போதும், சர்க்கரை நோய் உங்கள் வாசலையே மிதிக்காது' என்று இன்னொன்று. 'தினமும் காலையில் இதைக் குடித்த முதியவருக்கு நடந்ததைப் பாருங்கள்.' எழுபத்து நான்கு வயதில், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, ஒரு நாளைக்கு இருநூறு படிப்பேன். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. நம் மொழியில் ஒரு செய்தியை ஒழுங்காகச் சொல்ல ஆளில்லையா என்று இளங்கோவிடம் தொலைபேசியில் கத்துவேன்.

"ஒரு மெஷின் இதைச் செஞ்சிடும்ப்பா."

"அந்த மெஷினுக்குத்தான்டா சொல்லிக்கொடுக்கறோம்."

"அப்ப அதுவும் உங்கள மாதிரியே கோவப்படுமா?"

எங்கள் வேலைக்கு ஒரு கண்டிப்பான விதி இருந்தது. தலைப்பை மட்டும்தான் பார்க்க வேண்டும். உள்ளே போய்ச் செய்தியைப் படிக்கக் கூடாது. படித்தால் மதிப்பெண் சாய்ந்துவிடும் என்று காத்ரின் விளக்கினாள். புள்ளியியல்காரனுக்கு இது சரி என்று பட்டது. நான் விதியைப் பிசகாமல் கடைப்பிடித்தேன். மாதக்கணக்கில் வெறும் தலைப்புகளையே தின்று வளர்ந்ததில் எனக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டது. கீழே என்ன இருக்கும் என்பது எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. அது தவறு என்று தெரிந்துகொள்ள எனக்கு எந்த வாய்ப்பும் வரவில்லை, ஏனென்றால் நான் கீழே போகவே இல்லை.

3

தலைப்பு வேலை ஒரு வருடம் ஓடிய பிறகு, இரண்டாவதாக ஒன்றைத் தொடங்கினார்கள். சாதாரண மக்கள் மருத்துவரிடம் கேட்க நினைத்தும் கேட்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிற கேள்விகளைத் திரட்டுவது. அந்தக் கேள்விகளுக்கு மருத்துவரைத் தவிர வேறு யாரெல்லாம் பதில் சொல்கிறார்கள், அந்தப் பதில் எங்கிருந்து வருகிறது, அதனால் என்ன ஆகிறது என்று பார்ப்பது. "உங்கள் ஊரில் மக்கள் ஏன் மருத்துவரிடமே கேட்பதில்லை?" என்றாள் காத்ரின்.

அவளுக்குச் சொன்ன பதிலை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நீங்களும் அந்த வரிசையில் நின்றவர்கள்தான். இருந்தாலும் ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் அப்பா அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர். அவருக்கு நெஞ்சுச்சளி முற்றிப்போய், தஞ்சாவூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். எனக்குப் பதினொரு வயது. உள்ளே ஒரு நாற்காலி காலியாக இருந்தும் அப்பா உட்காரவில்லை. டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் பள்ளிக்கூடத்தில் கேட்கிற தைரியத்தில், "இந்த மாத்திர எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்து, "படிக்கிறியோ?" என்றார். அவ்வளவுதான். வெளியே வந்ததும் அப்பா என் காதைப் பிடித்துத் திருகினார். "அவரு எழுதுனா வாங்கிக்கணும். கேக்கறதுக்கு நாம யாருடா?"

அந்தக் காதுத் திருகல் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. இங்கே என் மருத்துவர் ஒவ்வொரு முறையும் கடைசியில் நாற்காலியைத் திருப்பி, "இன்னும் ஏதாவது கேள்வி இருக்கிறதா?" என்று கேட்பார். கேள்வி கேட்பது இங்கே நோயாளியின் கடமை. நாற்பது ஆண்டுகளாக நான் "இல்லை, எல்லாம் சரி" என்று எழுந்து வந்திருக்கிறேன். வந்த புதிதில் தலைசுற்றலுக்காகப் போய், தலை சுற்றுகிறது என்பதை வார்த்தைக்கு வார்த்தை ஜெர்மனில் சொன்னேன். நான் தலையைச் சுற்றிச் சுற்றித் திருப்புகிறேன் என்று அவருக்குப் புரிந்தது போலிருக்கிறது. கழுத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு எக்ஸ்ரே எடுக்க எழுதிக் கொடுத்தார். அது இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. போய்க் கழுத்தை எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்தேன். படித்தவன் கதையே இது.

கமலம் என்ன செய்வாள்? டாக்டரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவாள். ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் போடுவாள்.

"அண்ணே, சர்க்கர மாத்திரைய சாப்பாட்டுக்கு முன்னாடின்னு எழுதியிருக்கு. எந்தச் சாப்பாட்டுக்கு? நான் வயலுக்குப் போறப்ப நீராகாரம் குடிக்கிறேன், திரும்பி வந்து சாப்புடறேன்."

"டாக்டர்கிட்ட கேக்க வேண்டியதுதானேம்மா?"

"அவருகிட்டயா? வெளில முப்பது பேரு நிக்கிறாங்க. நான் உக்கார்றதுக்குள்ள நர்சு அடுத்த பேரக் கூப்பிட்டுருது. இதுல நீராகாரத்தப் பத்திக் கேட்டேன்னா வெரட்டி விட்டுருவாரு."

"சரி, வயலுக்குப் போறதுக்கு முன்னாடி போட்டுக்க."

எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. நான் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் என்பது கமலத்துக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் எங்கள் தெருவில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். அண்ணன் படித்தவர், வெளிநாட்டில் இருக்கிறவர், அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிள்ளைக்குப் பெண் பார்ப்பதோ, வீட்டுக்குக் கான்கிரீட் போடுவதோ, எதுவாக இருந்தாலும் என்னைக் கேட்காமல் அவள் செய்ததில்லை. அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. அத்தனை வருட ஞாயிற்றுக்கிழமைகளில் 'எனக்குத் தெரியாது' என்று ஒருமுறைகூட நான் சொன்னதில்லை.

4

போன ஆவணியில் கேட்டாள்.

வலது கண் மங்கலாக இருக்கிறது என்று தஞ்சாவூரில் காட்டியிருக்கிறாள். சர்க்கரையால் கண்ணுக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது, ஊசி போட வேண்டும், மாதம் ஒன்று என்று சொல்லியிருக்கிறார்கள். சீக்கிரம் வரச் சொன்னார்களாம்.

"கண்ணுக்குள்ளயே குத்துவாங்களாம்ண்ணே. மல்லிகா கேட்டுட்டு வந்து சொல்றா. எனக்கு ஈரக்கொலயே நடுங்குது. போடலாமா?"

மல்லிகா அவளுடைய மருமகள்.

"வலிக்காதுன்னு சொன்னாங்களா?"

"அதெல்லாம் யாரு கேட்டா? இங்க இப்பத்தான் வாய்க்கால்ல தண்ணி ஏறுது. நாத்து முத்திக்கிட்டு நிக்கிது, நடவுக்கு ஆள் கெடைக்கல. இந்த நேரத்துல கண்ணக் கட்டிக்கிட்டு உக்காந்துருக்க முடியுமா? நீ சொல்லு."

அன்று காலையில்தான் எனக்கு ஒரு தலைப்பு வந்திருந்தது. 'கண்ணில் ஊசி போடச் சொல்லிவிட்டார்களா? சம்மதிக்கும் முன் இந்த ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்!' கொஞ்சம்கூட யோசிக்காமல் ஐந்து போட்டேன். நல்ல தூண்டில். அந்த ஒன்று என்ன என்பதை நான் பார்க்கவில்லை. விதி. ஆனால் தலைப்பு மண்டையில் உட்கார்ந்துவிட்டது. தூண்டில் என்று முத்திரை குத்தினவனின் வாயிலேயே அது மாட்டிக்கொண்டு தொங்கியதை நான் கவனிக்கவில்லை.

"கண்ணுல ஊசிங்கறது சாதாரண விஷயம் இல்ல கமலம். அதுல சிக்கல் வருதுன்னு படிச்சேன். தெரிஞ்சுக்கிட்டுத்தான் சம்மதிக்கணும். நடவு முடியட்டும். தண்ணி வடியட்டும், பாப்போம்."

படிச்சேன் என்று சொன்னேன். அது பொய். தண்ணி வடியட்டும் என்பது எங்கள் வீட்டில் எதையும் தள்ளிப்போடுகிற வார்த்தை. கல்யாணப் பேச்சானாலும், வரப்புத் தகராறானாலும், அப்பா அதைத்தான் சொல்வார். வயலில் தண்ணீர் நிற்கும்போது வேறு எதிலும் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அது வயலுக்குச் சரி. அதை எடுத்துத் தங்கையின் கண்ணுக்குச் சொன்னேன்.

கமலத்தின் குரலில் பாரம் இறங்கியது தெரிந்தது. "நீ சொல்லிட்டா சரிண்ணே." அவளுக்கு வேண்டியிருந்தது பயப்படுவதற்கு ஓர் அனுமதி. நான் கொடுத்தேன்.

மார்கழியில் மல்லிகா கூப்பிட்டாள். "மாமா, அத்தைக்கு நேத்து கண்ணுல கறுப்பு கறுப்பா முடி மாதிரி ஓடுதுன்னாங்க. இன்னிக்குக் காலையில திரை போட்ட மாதிரி ஆயிருச்சு. எதிர்ல நிக்கிற என்னையே தெரியலங்கறாங்க." உள்ளே ரத்தம் கசிந்துவிட்டது. தஞ்சாவூருக்கு ஓடினார்கள். செய்ய முடிந்ததைச் செய்தார்கள். வெளிச்சம் தெரிகிறது, கையை ஆட்டினால் நிழல் தெரிகிறது. அதற்கு மேல் இல்லை. ஏன் இவ்வளவு நாள் விட்டீர்கள் என்று அங்கே இருந்த டாக்டர் கேட்டிருக்கிறார். கமலம் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறாள். அண்ணன் சொன்னார் என்று என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அது என் தவறு என்ற எண்ணமே அவளுக்கு வரவில்லை.

"கள எடுக்கறப்ப குனிஞ்சு குனிஞ்சுதான்ண்ணே ரத்தம் கண்ணுல எறங்கிருச்சு" என்றாள் என்னிடம். "நடவுக்கும் குனிஞ்சேன், களைக்கும் குனிஞ்சேன். எம்மேலதான் தப்பு."

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. "ஆமாம்மா, குனியக் கூடாதுதான்" என்றேன். இதை எழுதும்போது எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது. பார்வையைப் பறித்தேன், பழியையும் அவள் தலையிலேயே வைத்தேன்.

தை மாதத்தில் ஒரு நாள், விதியை மீறி, அந்தத் தலைப்பைத் தேடிப்பிடித்து உள்ளே போனேன். யாரோ ஒரு கண் டாக்டர் எழுதியது. நல்ல கட்டுரை. ஊசி போடுமுன் கண்ணை மரத்துப்போகச் செய்வார்கள், முடிந்ததும் கண்ணைத் தேய்க்கக் கூடாது, இப்படிப் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். சிக்கல் வருவது அரிது, வந்தால் இன்னின்ன அறிகுறி என்றும் எழுதியிருக்கிறார். கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய அந்த ஒன்று கடைசிப் பத்தியில் இருந்தது. ஊசி வேண்டும் என்று சொல்லிவிட்டால் நாள் கடத்தாதீர்கள் என்பதுதான் அது.

நான் போட்ட ஐந்து மதிப்பெண் சரியானதுதான். நான்தான் தவறு.

5

கமலத்தின் இந்தக் கேள்வியை ஆய்வுக்குக் கொடுத்ததே நான்தான். ஏதோ பிராயச்சித்தம் செய்வது போல நினைத்துக்கொண்டு கொடுத்தேன். ஆனால் பெயரை மறைத்தேன். 'தெரிந்தவர் ஒருவர்.' அதைத்தான் காத்ரின் சிவப்பில் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை அந்தப் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். துஷ்யந்தி எட்டிப் பார்த்தாள். ஒருமுறை படித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"அண்ணன் எண்டு எழுதினால் பேனை முறிஞ்சு போகுமே, ஐயா?"

எழுதினேன். உறவு: அண்ணன். பதில் கிடைத்த இடம்: ஒரு தலைப்பு. விளைவு: வலது கண் பார்வை இழப்பு.

காத்ரின் வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தாள். ஏதாவது சொல்வாள், திட்டுவாள், குறைந்தபட்சம் ஐயோ என்பாள் என்று எதிர்பார்த்தேன். "நன்றி, இப்போது முழுமையாக இருக்கிறது" என்றாள். எனக்கு அவளை உலுக்க வேண்டும்போல் இருந்தது. பிறகு அவள் கண்ணைத் தூக்கி, "உங்கள் தங்கைக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "ஆய்வில் சேர்க்க அவருடைய ஒப்புதல் வாங்குமுன் இதில் உள்ளதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவருடைய மொழியில். அது விதி."

எத்தனை விதிகளை நான் இந்த நாட்டில் சபித்திருக்கிறேன்! இதையும் சபித்துக்கொண்டேதான் வீட்டுக்குப் போனேன். ஆனால் யாரும் விதி போடாவிட்டால் நான் அவளிடம் சொல்லியிருக்க மாட்டேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிட்டேன்.

"என்னண்ணே, நீயே போடறே? ஒடம்பு நல்லாருக்கா? நானே புதன்கெழமைக்கு உங்கிட்ட கேக்கணும்னு இருந்தேன். எடது கண்ணுக்கு..."

"இரு கமலம். மொதல்ல ஒண்ணு வாசிக்கிறேன், கேட்டுக்க."

வாசித்தேன். ஒவ்வொரு வரியாக. ஏழாவது கேள்வியையும் விடவில்லை. முடித்தேன். அந்தப் பக்கம் எங்கேயோ டிராக்டர் போகிற சத்தம்.

"இரு, இரு. நீ படிச்சேன்னு சொன்னியே?"

"படிக்கலம்மா. தலைப்ப மட்டும் பாத்தேன்."

"உள்ள என்னன்னு பாக்கவே இல்லியா?"

"இல்ல. அப்புறமாப் பாத்தேன். கண்ணு போனதுக்கப்புறம்."

"என்ன போட்டிருந்துச்சு?"

"நாள் கடத்தாதீங்கன்னு."

நான், "குனிஞ்சதால வரல கமலம். உம்மேல தப்பு இல்ல. நான் தள்ளிப்போடச் சொன்னதாலதான்" என்றேன்.

"ரெண்டு மாசமா நான் பேரன் பேத்திங்ககிட்டல்லாம், பாட்டி பேராசப்பட்டுக் குனிஞ்சு கண்ணத் தொலச்சிட்டேன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறேன்." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குத் தாங்க வசதியாக இருந்திருக்கும். "குனியக் கூடாதுன்னு நீ வேற சொன்னே. அதக் கேட்டு வயல் பக்கமே போவல. கோலம்கூட நின்னுக்கிட்டே போடறேன்."

"என்ன மன்னிச்சிரும்மா."

"மன்னிப்பு கெடக்கட்டும். எடது கண்ணுக்கு என்ன சொல்றே?"

நான் அதை எதிர்பார்க்கவில்லை. இவ்வளவையும் கேட்டபிறகும் என்னிடமே கேட்கிறாள். நாற்பது வருடப் பழக்கம் அது. போட்டுக்கொள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. இந்தமுறை அது சரியான பதிலும்கூட. அடக்கிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாது கமலம். டாக்டர்கிட்டயே கேளு."

"டாக்டர்கிட்டயா? நானா?"

"நீதான்."

"இத்தன வருசம் கழிச்சு நல்ல நேரம் பாத்துச் சொன்னே போ" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

6

சும்மா இருந்தேனா? இல்லை. இரவெல்லாம் யோசித்து, அவள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் என்று பதினோரு கேள்விகளை எண் போட்டுத் தட்டச்சு செய்து மல்லிகாவின் போனுக்கு அனுப்பினேன். வாத்தியார் புத்தி. நாலாவது கேள்விக்குள் இரண்டு உட்கேள்விகள் வேறு. மல்லிகாவிடமிருந்து கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

புதன்கிழமை அங்கே பதினொரு மணி, இங்கே காலை ஆறரை. கோட்டைப் போட்டுக்கொண்டு மேசைமுன் உட்கார்ந்திருந்தேன், நானே டாக்டரைப் பார்க்கப் போகிற மாதிரி. மல்லிகா படத்தோடு கூப்பிட்டாள். வரிசை. பச்சைத் தொப்பி போட்ட பெரியவர்கள், கண்ணில் சொட்டு மருந்து விட்டு அண்ணாந்து உட்கார்ந்திருப்பவர்கள். கமலம் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வலது தோளைச் சுவரோடு ஒட்டிவைத்து நின்றாள். அந்தப் பக்கத்திலிருந்து ஆள் வந்தால் அவளுக்குத் தெரியாது. அதை நான் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன்.

"மாமா, உள்ள கூப்பிட்டாச்சு" என்றாள் மல்லிகா.

டாக்டர் இளம்வயதுக்காரர். களைத்திருந்தார். கண்ணின் ஸ்கேன் படத்தைப் பார்த்து, "எடது கண்ணுலயும் நீர் இருக்கும்மா. ஊசி ஆரம்பிச்சிரலாம். இன்னிக்கே போட்டுக்கறீங்களா?" என்றார்.

வெளியே நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிடுவது கேட்டது. கமலம் எழுந்திருக்கப் போவது போல் அசைந்தாள். நான் பொறுக்க முடியாமல், "டாக்டர் சார், வணக்கம், நான் அவங்க அண்ணன் ஜெர்மனியிலேருந்து பேசறேன், ஒரு ரெண்டு மூணு கேள்வி..." என்று தொடங்கிவிட்டேன்.

டாக்டர் போனைப் பார்த்து முகம் சுளித்தார். கமலம் கையை நீட்டி மல்லிகாவிடமிருந்து போனை வாங்கினாள். திரையில் அவள் முகம் பெரிதாக வந்தது. இரண்டு கண்களும் என்னைப் பார்த்தன, பார்த்தது ஒன்றுதான்.

"அண்ணே, நீ கொஞ்சம் சும்மா இரு."

போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். எனக்குச் சேலையின் நீலம் மட்டும் தெரிந்தது. குரல்கள் கேட்டன.

"சார், கோச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்கம்மா, சீக்கிரம்."

"இந்த ஊசியப் போட்டா மங்கலாருக்குறது தெளியுமா, இல்ல இப்ப இருக்குற பார்வ போவாம நிக்குமா? ரெண்டுல எது? எனக்கு அது தெரிஞ்சாத்தான் போட்டுக்குவேன்."

என் பதினோரு கேள்விகளில் அது இல்லை.

நாற்காலி நகரும் ஓசை. "நல்லா உக்காருங்கம்மா" என்றார் டாக்டர். வேறு குரலில் வெளியே, "சிஸ்டர், ஒரு அஞ்சு நிமிஷம்" என்றார். நான் காதைப் போனோடு ஒட்டிவைத்துக்கொண்டேன். அவர் சொல்லத் தொடங்கினார். "பாருங்க, உங்க கண்ணுக்கு..."

கமலத்தின் விரல் எங்கோ பட்டிருக்க வேண்டும், அல்லது பட வைத்தாளோ. இணைப்பு அறுந்தது.

திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து மல்லிகாவிடமிருந்து ஒரு வரி வந்தது: 'ஊசி போட்டாச்சு மாமா. அத்தை நல்லாருக்காங்க.'

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. மாலைவரை பார்த்துவிட்டு நானே போட்டேன். எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது சள்ளையாக இருக்கிறது என்றாள். அறுவடை முடிந்து உளுந்து தெளித்திருக்கிறார்களாம். அடுத்த ஊசிக்குத் தேதி கொடுத்துவிட்டார்களாம். மாத்திரையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டதாக மட்டும் சொன்னாள்.

"டாக்டர் என்னம்மா சொன்னாரு? நீ கேட்டியே, அதுக்கு?"

"சொன்னாரு. நல்லாப் புரியற மாதிரி சொன்னாரு."

"என்னன்னு?"

"அது எங்கிட்ட சொன்னதுண்ணே" என்றாள் கமலம்.